ஒரு பக்கம் மட்டும் ஏன் நீர் தேங்கியது?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. வாடகை வேன் ஓட்டுகிறார். இரண்டு மாதமாகக் காலையில் எழும்போதே தலைவலி. சில நாட்களில் வாந்தியும் வருகிறது. ஸ்கேனில் மூளையின் இடப்பக்கம் மட்டும் நீர் கோத்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். தலையில் அடி எதுவும் பட்டதில்லை. ஈரத்தலையோடு வேலைக்குப் போவதால்தான் என்று சொல்லி, மாமியார் நீர்க்கோவை மாத்திரையை உரைத்துப் பற்றுப் போடுகிறார். அடுத்த வாரம் மூளை அறுவை மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாத்திரையிலேயே சரியாகாதா? டியூப் வைத்தால் ஆயுள் முழுக்க அதோடுதானா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: மாமியாரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், சகோதரி. 'நீர் கோத்தல்' என்ற சொல் செய்த குழப்பம் இது. அவர் நினைப்பது மூக்கைச் சுற்றியுள்ள எலும்புப் பொந்துகளில் சேரும் சளியை. உங்கள் கணவருக்குத் தேங்கியிருப்பது மூளைக்குள்ளேயே ஊறும் நீர். குளியலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பற்றும் அங்கே எட்டாது.

மூளைக்குள் இடமும் வலமுமாக இரண்டு அறைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவே மெல்லிய சவ்வுச் சுவர். ஒவ்வோர் அறைக்கும் ஒரு வாசல். இரண்டு வாசலும் ஒரே கூடத்தில் திறக்கும். அந்த வாசலுக்கு மன்றோ துளை என்று பெயர். 1783இல் இதை விவரித்த எடின்பரோ பேராசிரியரின் பெயர் அது. சில மில்லிமீட்டர் அகலந்தான். ஒரு நாளில் சுமார் 500 மில்லி நீர் ஊறினாலும், எந்த நேரத்திலும் மூளையிலும் தண்டுவடத்தைச் சுற்றியும் சேர்த்து இருப்பது சுமார் 150 மில்லிதான். ஊற ஊற வடிந்து ரத்தத்தில் கலந்துவிடும். கூடத்துக்கு அப்பால் அடைத்தால் இரண்டு அறையுமே வீங்கும். ஒன்று மட்டும் வீங்கினால், பெரும்பாலும் அதன் சொந்த வாசலில்தான் அடைப்பு. பெரியவர்களிடம் இது அரிது.

அடைப்பதற்கு அடி பட்டிருக்க வேண்டியதில்லை. பிறவியிலேயே குறுகிய வாசல், நடுவயது வரை சமாளித்துவிட்டுப் பிறகு தோற்கலாம். எப்போதோ வந்த மூளைக்காய்ச்சலோ காசநோயோ தழும்பாகவோ சவ்வாகவோ வாசலை மூடியிருக்கலாம். ரத்தக்கசிவு, வாசலருகே மெதுவாக வளரும் கட்டி, நாடாப்புழுவின் நீர்க்கட்டி ஆகியவையும் காரணமாகலாம். (அந்த நீர்க்கட்டி பன்றி இறைச்சி உண்பவருக்குத்தான் வரும் என்று நினைக்காதீர்கள். புழுவின் முட்டை கலந்த தண்ணீரும் சரியாகக் கழுவாத காய்கறியும் போதும், சைவர்களுக்கும் வருகிறது.) கட்டி என்றதும் புற்றுநோய் என்று நடுங்க வேண்டாம். இந்த இடத்தில் வருபவற்றில் சாதுவானவை பல.

இன்னொன்றும் உண்டு. ஓர் அறை மற்றதைவிடச் சற்றுப் பெரிதாகவே அமைந்து, எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வைத்தியம் வேண்டாம். ஆனால் உங்கள் கணவரின் தலைவலியை நான் அப்படி ஒதுக்க மாட்டேன். படுத்திருக்கும்போது மண்டைக்குள் அழுத்தம் கூடும். விடியலில் தலைவலியும் வாந்தியும் வருவது அதன் அடையாளம். இதுவரை எடுத்தது சி.டி. மட்டும் என்றால், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள், வாசலை மூடியிருப்பது எது என்று அதில்தான் நன்றாகத் தெரியும். கண்ணின் உட்புறத்தையும் பரிசோதிக்க வேண்டும். பார்வை நரம்பு வீங்கியிருந்தால் காத்திருக்க நேரமில்லை. முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், இந்த அடைப்பைப் பற்றி முதலில் அவரிடம் சொல்லுங்கள். அடைப்பு மேலே இருக்கக் கீழே நீரை எடுத்தால் மூளை இடம் மாறிப் பிதுங்கும் ஆபத்து உண்டு.

மருத்துவர் தரும் மாத்திரைகூட நீர் ஊறுவதைக் கொஞ்ச நாள் குறைக்கும், வாசலைத் திறக்காது. கட்டியோ நீர்க்கட்டியோ அடைத்திருந்தால் அதை எடுப்பதே வைத்தியம். சவ்வோ தழும்போ என்றால், மண்டையில் சிறு துளையிட்டு எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை உள்ளே செலுத்தி, நடுச்சுவரில் ஓட்டை போட்டுவிடுவார்கள். இடப்பக்க நீர் வலப்பக்க அறைக்குப் போய், அதன் வாசல் வழியே வடியும். எனக்குப் பிடித்த வைத்தியம் இதுதான். உடம்பில் எதையும் விட்டுவைக்காது. ஓட்டை மறுபடி மூடிக்கொள்வதும் உண்டு, ரத்தக்கசிவு அபாயமும் உண்டு.

டியூப் என்பது ஷண்ட். மண்டையிலிருந்து தோலுக்கடியில் கழுத்து, மார்பு வழியாக வயிற்றுக்குள் நீரைக் கொண்டுபோகும். பொதுவாக ஆயுளுக்கும் அப்படியே இருக்கும். அதோடு வேலை செய்து, பிள்ளைகளை வளர்த்து வாழ்பவர்கள் ஏராளம். ஆனால் அடைத்துக்கொள்ளலாம், கிருமி தொற்றலாம். அப்போது மாற்ற வேண்டிவரும். ஆகவே மருத்துவரிடம், "இவருக்கு எண்டோஸ்கோப் பொருந்துமா? பொருந்தாது என்றால் ஏன்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

அதற்கு முன்பே விடாத வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம், பேச்சில் தடுமாற்றம், வலக்கை கால் தளர்ச்சி, இரட்டைப் பார்வை என எது வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வேன் சாவி உங்களிடமே இருக்கட்டும்.