'லியோபார்ட்' என்றால் ஏன் புரிவதில்லை?

கேள்வி: ஹோட்டன் சமவெளிக்கு வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிப் போகும் வழிகாட்டி நான். சிறுத்தையைப் பற்றி 'லியோபார்ட்' என்று சொன்னால், "என்ன?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். எப்படித்தான் சொல்வது?
– வாசகர், நுவரெலியா

பதில்: தம்பி, எழுத்தைக் கூட்டிப் படித்தால் அப்படித்தான் வரும். ஆனால் இந்தச் சொல்லில் 'ஓ' எழுத்துக்கு ஒலியே இல்லை. லெப்பட். இரண்டே அசை.

சிங்கமும் 'பார்ட்' என்ற இன்னொரு விலங்கும் கூடிப் பிறந்தது இது என்று பழைய காலத்தில் நம்பினார்கள். அதனால் சிங்கத்தைக் குறிக்கும் 'லியோ' லத்தீன் பெயரில் சேர்ந்தது. பேச்சில் அந்த 'ஓ' எப்போதோ உதிர்ந்துவிட்டது, எழுத்தில் மட்டும் நிற்கிறது. 'லியோனார்ட்' என்று எழுத்தில் தெரிந்து 'லெனட்' என்று ஒலிக்கும் ஆள் பெயரிலும் இதே கதைதான்.

உங்கள் உச்சரிப்பில் கனம் முழுக்கக் கடைசியில் விழுகிறது. கேட்பவர் காதில் 'பார்ட்' தனிச் சொல்லாக நிற்கிறது, விலங்கு காணாமல் போகிறது. கனத்தை 'லெ' மேல் வையுங்கள். 'பட்' என்பதை வாயை முழுதாகத் திறக்காமல் அரைகுறையாக விட்டுவிடுங்கள். நடுவில் வருவது ஹப்புத்தளையின் 'ப்', ஆனால் அவ்வளவு நேரம் உதட்டை மூடி வைக்க வேண்டாம். 'லெபட்' என்று ஒற்றைப் 'ப' போட்டு எழுதி வைத்தால் நம் வாய் அதைக் கபத்தில் வரும் 'ப' மாதிரி மெலிதாக்கிவிடும். கடைசி ஒலி கண்டியில் கேட்கும் 'ட'. அதோடு 'உ' சேர்த்து 'லெப்பட்டு' ஆக்கிவிடாதீர்கள். அமெரிக்கர்கள் 'ர்' சேர்த்து 'லெப்பர்ட்' என்பார்கள், அதுவும் சரிதான்.

சமவெளியில் மரை திடீரென்று கனைத்து எச்சரிக்கும்போது விளக்கம் சொல்ல நேரம் இருக்காது. முதல் தடவையிலேயே புரிய வேண்டும். அதனால் தனிச் சொல்லாக மட்டும் பழகாமல், 'லுக், எ லெப்பட்' என்று வாக்கியமாகவே சொல்லிப் பழகுங்கள்.

அப்புறம், 2020 மே மாதம் நல்லதண்ணியில் சுருக்குக் கம்பியில் சிக்கி, பிறகு இறந்துபோன கருஞ்சிறுத்தையைப் பற்றியும் கேட்பார்கள். அதைப் 'பிளாக் லெப்பட்' என்றே சொல்லுங்கள். 'பிளாக் பேந்தர்' என்ற பெயர் தென்னமெரிக்காவின் கறுப்பு ஜாகுவாருக்கும் வழங்குகிறது. நம் மலையில் இருப்பது சிறுத்தை மட்டும்தான், அது கறுப்பாகப் பிறந்த சிறுத்தை.