லத்தீன் திருப்பலியை (பூசையை) கத்தோலிக்கத் திருச்சபை தடை செய்துவிட்டதா? குன்னூரில் ஏன் மக்கள் மொழிகளில் மட்டும் நடக்கிறது?

தடை செய்யவில்லை. உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, லத்தீன் ரீதியில் (ரோமை வழிபாட்டு மரபில்) லத்தீன் மொழி காக்கப்பட வேண்டும் என்றே சொல்கிறது. கூடவே, மக்கள் மொழிக்கும் இடம் கொடுத்தது. அந்த இடம் சில ஆண்டுகளிலேயே பெரிதாகி, எங்கும் தாய்மொழித் திருப்பலியே வழக்கமானது. இன்றைய திருப்பலியை லத்தீனிலும் நிறைவேற்றலாம். கட்டுப்பாடு இருப்பது சங்கத்துக்கு முந்தைய பழைய முறைக்குத்தான்: 2007-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அதைத் தளர்த்தினார், 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இறுக்கினார்.

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த எங்கள் பாட்டி பழைய பூசையை நன்றாக நினைவு வைத்திருந்தார். சாமியார் பீடத்தைப் பார்த்து மெல்லிய குரலில் ஜெபிப்பார். பாட்டி கையில் ஜெபமாலை உருளும். எழுந்தேற்றத்துக்கு (சாமியார் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் நேரம்) மணி அடித்ததும் மாலையை நிறுத்திவிட்டுத் தலை நிமிர்வார். பிரசங்கம் மட்டும் தமிழில். பக்திக்குக் குறைவே இல்லை, ஆனால் வாசகங்கள் அவருக்குப் புரிந்ததில்லை. அதனால் நான் தமிழின் பக்கம்தான்.

ஆனாலும் எல்லோருக்கும் பொதுவான ஒரு மொழி வேண்டும் என்று லத்தீனை விரும்புவோர் சொல்வதை நீலகிரியில் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. இங்கே தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று மொழிவாரியாகப் பிரிந்து வழிபடுகிறோம். பெருவிழாவில் எல்லோரும் சேர்ந்து பாட ஒரு பாட்டு தேட வேண்டியிருக்கிறது. மக்கள் தங்களுக்குரிய பகுதிகளை லத்தீனிலும் பாடத் தெரிந்திருக்க வேண்டும் என்று அதே ஏட்டின் 54-ஆம் எண் சொல்கிறது. அதை நாம் கண்டுகொள்வதே இல்லை. 'சாங்க்துஸ்' (தூயவர்), 'ஆக்னுஸ் தேயி' (இறைவனின் செம்மறி) என்ற திருப்பலிப் பாடல்கள் இரண்டையும் பாடகர் குழு கற்றுக்கொடுத்தால் போதும். உங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டுப் பாருங்கள்.