வேலை அனுபவம் இல்லாமல் டெஃபர்டு எம்பிஏ-வுக்கு ரெஸ்யூம் எழுதுவது எப்படி?

கடைசி வருடம் படிக்கிறேன், வேலைக்கே போனதில்லை, ரெஸ்யூமில் என்ன எழுதுவது என்று ராமேஸ்வரம், கீழக்கரை பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

டெஃபர்டு அட்மிஷன் என்றால், கல்லூரியில் படிக்கும்போதே எம்பிஏ இடத்தை உறுதி செய்துகொண்டு, சில வருடம் வேலை பார்த்துவிட்டுப் போய்ச் சேர்வது. ஹார்வர்டின் 2+2 திட்டத்தில் குறைந்தது 2 வருட வேலை கட்டாயம். இந்தியாவில் ஐஎஸ்பி (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) நடத்திவந்த ஒய்எல்பி (யங் லீடர்ஸ் புரோகிராம்) திட்டமும் இதே வகை.

வேலை இனிமேல்தான் என்பதால் இடம் கொடுக்கும் கல்லூரிகள் தேடுவது பொறுப்பெடுக்கும் குணத்தை. படகில் புதிதாக ஏறும் பையனிடம் எவ்வளவு மீன் பிடித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. கயிறு இழுக்கிற விதத்தைப் பார்ப்பார்கள்.

அதனால் "தலைமைப் பண்பு உண்டு" என்று மொட்டையாக எழுதாதீர்கள். விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலத்தில் வீட்டுக் கருவாட்டு வியாபாரத்தைக் கவனித்தீர்களா? எத்தனை கிலோ, எத்தனை கடை, நீங்கள் மாற்றியது என்ன என்று எண்ணோடு எழுதுங்கள். இதை எழுத வெட்கப்படும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. உங்கள் ரெஸ்யூமில் கனமான வரியே அதுதான். அப்புறம், எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கட்டும்.

'டெஃபர்டு' என்றதும் முடிவையே ஒத்திப்போடுவார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். முடிவு படிக்கும்போதே வந்துவிடும். தள்ளிப்போவது வகுப்பில் சேரும் நாள் மட்டும்தான்.