‘இப்போதைக்கு’ என்ற சொல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வயது 27. நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து மூன்று ஆண்டுகளாக ஒரு கேம் செய்துவருகிறோம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஓர் அதிகாலையில் நடக்கும் கதை. பாட்டியோடு மீன் ஏலத்துக்குப் போகும் பேத்திதான் நாயகி. டெமோவைப் பார்த்துவிட்டு பெங்களூரில் இருக்கும் பெரிய ஸ்டுடியோ ஒன்று எங்களைக் கூப்பிட்டிருக்கிறது. இருநூறு பேரை வைத்து அவர்கள் ஒரு சரித்திர சாகச கேம் செய்கிறார்கள். நான்கு பேரும் குழுவாகவே வந்து அதில் சேர வேண்டுமாம். எங்கள் கேமை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சம்பளம் நாங்கள் கனவிலும் நினைக்காத தொகை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் எங்களில் ஒலி அமைப்பவன் வரமாட்டேன் என்கிறான். “நம்ம ஊர்க் கதையைப் பாதியில் போட்டுவிட்டு அடுத்தவன் கதைக்குக் கூலிக்குப் போவதா?” என்று கேட்டான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. போவது துரோகமா, அண்ணா? பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருப்பதால் பெயர் வேண்டாம்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பிக்கு,

துரோகம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றிரவாவது தூங்குங்கள்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய டெமோவை என் அண்ணன் மகனின் லேப்டாப்பில் இரண்டு முறை ஆடினேன். கேம் ஆடிப் பழகிய கை இல்லை என்பதால் அவன்தான் பக்கத்தில் உட்கார்ந்து எந்த விசை எதற்கு என்று சொல்லித்தந்தான். ஆனால் அந்த இடத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். ஐஸ் பாரை இயந்திரத்தில் போட்டு உடைக்கிற சத்தம் முதலில் எங்கோ தொலைவில் கேட்கிறது. பேத்தி நடக்க நடக்க அது நெருங்குகிறது. அதன் மேல் ஏலம் கூறுகிறவரின் குரல் ஏறுகிறது. வானம் வெளுக்க வெளுக்க விலை இறங்குகிறது. கேட்ட விலை கட்டுமா கட்டாதா என்று பேத்தி பாட்டியின் முகத்தைப் பார்க்கும்போது, பாட்டி ஒன்றும் பேசாமல் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள். அவ்வளவுதான். நான் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். என் பெரியம்மா அப்படித்தான் தொட்டுப் பார்ப்பாள்.

அதனால்தான் இந்தப் பதிலை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கூலி என்ற சொல்லில் உங்கள் நண்பர் கோபத்தை ஏற்றிவைத்திருக்கிறார். நம் பக்கத்தில் அது கேவலமான சொல் இல்லை. துறைமுகம், ரயில்வே, மில், பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். என்று யாரோ தொடங்கிய பெரிய வேலைகளில் கைகொடுத்துத்தான் வட சென்னையின் அடுப்புகள் எரிந்தன. வியாசர்பாடியில் பந்து உதைத்துக்கொண்டிருந்த பையன் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஐ.சி.எஃப். அணிக்குப் போனால் அவனைத் துரோகி என்று யாரும் சொல்வதில்லை. தெருவே இனிப்பு கொடுக்கும்.

‘அடுத்தவன் கதை’ என்பதிலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. உங்கள் துறையிலேயே ஒரு நடப்பைப் பாருங்கள். அமெரிக்காவில் கேம்போ சாண்டோ என்று ஒரு சின்னக் குழு. பத்துப் பன்னிரண்டு பேர். 2016இல் ‘ஃபயர்வாட்ச்’ என்ற கேமை வெளியிட்டார்கள். வயோமிங் காட்டில் தீக் கண்காணிப்புக் கோபுரத்தில் தனியாக இருக்கிற ஒருவன், வேறொரு கோபுரத்தில் இருக்கும் பெண்ணோடு வாக்கி டாக்கியில் பேசுகிறான். ஆட்டத்தின் உயிரே அந்தப் பேச்சுதான். 2018 ஏப்ரலில் இந்தக் குழு வால்வ் என்ற பெரிய கேம் நிறுவனத்தோடு சேர்ந்தது. அங்கே போய் அவர்களில் பலர் ‘ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்’ கேமில் வேலை செய்தார்கள். 2007க்குப் பிறகு ஹாஃப்-லைஃப் வரிசையில் புதிதாக ஒன்றும் வராமல் உலகம் காத்துக்கிடந்தது. 2020 மார்ச்சில் இது வந்தது. தலையில் கருவியை மாட்டிக்கொண்டு ஆடுகிற ஆட்டம். அதில் நாயகி ஆபத்தான இடங்களில் தனியாகப் போகும்போது, தொலைவிலிருந்து ஒருவர் அவள் காதில் பேசிக்கொண்டே வருகிறார். பயமும் கிண்டலும் அக்கறையும் கலந்த பேச்சு. அண்ணன் மகன் அதை ஆடிக் காட்டியபோது எனக்குக் காட்டுக்குள் இருந்த அந்த இரண்டு கோபுரங்கள்தான் நினைவுக்கு வந்தன. யார் எந்த வரியை எழுதினார்கள் என்பது வெளியிலிருந்து பார்க்கிற எனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒரு குழு பழகிவைத்திருக்கும் காது அதோடு கூடவே போகிறது என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

அதே நிறுவனத்தில் இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. கேம் செய்யக் கற்றுத்தரும் டிஜிபென் கல்லூரியின் மாணவர்கள் சிலர் 2005இல் ‘நார்பாகுலர் டிராப்’ என்ற சின்ன ஆட்டம் ஒன்றைச் செய்துகாட்டினார்கள். சுவரில் ஒரு வாசல் திறந்தால் வேறொரு சுவரில் வெளியே வரலாம். அந்தக் குழுவை அப்படியே வேலைக்கு எடுத்தார்கள். இரண்டே ஆண்டில், 2007இல், அது ‘போர்ட்டல்’ என்று வந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் பிள்ளைகளின் சொந்த யோசனைதான் அங்கே போய் வளர்ந்தது. உங்களுக்கு வந்திருக்கும் அழைப்பு அந்த வகை இல்லை. உங்களுடையது முதல் வகை. உங்கள் கையை வேறொரு வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள்.

முதல் வகையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கேம்போ சாண்டோ வால்வுக்குப் போகும்போது அவர்கள் கையில் அரைகுறையாக ஒரு கேம் இருந்தது. ‘இன் தி வேலி ஆஃப் காட்ஸ்’. 1920களின் எகிப்தில் இரண்டு பெண்கள் படம் எடுக்கப் போகிற கதை. 2017 டிசம்பரில் அறிவித்திருந்தார்கள். சேரும்போது அந்த வேலை தொடரும் என்றுதான் சொன்னார்கள். 2019 கடைசியில் அதை நிறுத்திவைத்திருப்பதாகச் செய்தி வந்தது. யாரும் யாரையும் ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. பெரிய வேலை பக்கத்தில் நடக்கும்போது ஆட்கள் தாமாகவே அந்தப் பக்கம் போய்விடுவார்கள். வெள்ளம் போகிற பக்கம் வாய்க்கால் இழுபடுவதைப் போலத்தான்.

உங்கள் கடிதத்தில் என்னைக் குத்தியது ‘துரோகம்’ இல்லை, தம்பி. ‘இப்போதைக்கு’தான்.

1999இல் பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் அச்சகத்தின் மாடியில் ஐந்து பேர் சேர்ந்து சிற்றிதழ் ஒன்று நடத்திக்கொண்டிருந்தோம். வட சென்னையின் பெரிய துணி மில்லான பி அண்ட் சி மில் 1996இல் மூடப்பட்ட பிறகு, அங்கே வேலை செய்தவர்களைத் தேடிப் போய்ப் பேச வைத்துப் பதிவுசெய்தோம். மொத்தம் 22 கேசட்டுகள். அதில் புளியந்தோப்புப் பெரியவர் ஒருவர் அந்த மில்லில் நடந்த 1921 வேலைநிறுத்தத்தைத் தன் தகப்பனார் சொல்லிக் கேட்டபடி சொல்லியிருந்தார். இடையில் நிறுத்தி, “தறிச் சத்தத்தில் பேசிப் பேசி வீட்டிலும் கத்தியேதான் பேசுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள்” என்று வெட்கப்பட்டார். அந்த வெட்கத்தைத்தான் நாங்கள் புத்தகத்தின் முதல் பக்கமாக வைக்க நினைத்தோம்.

அப்போது ஒரு பெரிய வார இதழ் எங்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டது. போனோம். கேசட்டுகளை என்ன செய்வது என்று கேட்டதற்கு, இப்போதைக்கு அலுவலக அலமாரியில் இருக்கட்டும் என்றார்கள். வைத்தோம். மூன்று ஆண்டு கழித்து அலுவலகம் இடம் மாறியது. புது இடத்துக்கு அந்த அலமாரி வரவில்லை. யாரைக் கேட்டாலும் வேறொருவரைக் கைகாட்டினார்கள். பெரியவர் அதற்குள் இறந்துபோயிருந்தார். அவர் மகள் என்னிடம் வந்து, அப்பாவின் குரல் இருக்கிறதாமே, ஒரு தடவை கேட்க வேண்டும் என்றாள். அந்தப் படிக்கட்டில் நான் நின்ற நிலை எனக்கு இன்றும் மறக்கவில்லை.

வார இதழுக்குப் போனதற்காக நான் வருந்தியதே இல்லை. என் தங்கையின் திருமணம் அந்தச் சம்பளத்தில் நடந்தது. ஒரு வாக்கியத்தை எங்கே வெட்ட வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன். கேசட்டுகளைக் கையோடு கொண்டுபோனதற்குத்தான் இருபது ஆண்டுக்கு மேலாக வருந்துகிறேன்.

ஆகவே போங்கள். ஆனால் உங்கள் கேசட்டைக் கொண்டுபோகாதீர்கள்.

எப்படி என்று கேட்பீர்கள். காசிமேட்டில் படகு கிளம்பும் முன்பே பங்குப் பேச்சு முடிந்திருக்கும். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிச்சத்தில் படகுக்காரருக்கு எவ்வளவு, ஆட்களுக்கு எவ்வளவு என்பது வலை போடும் முன்பே எல்லோருக்கும் தெரியும். கடலுக்குப் போன பிறகு யாரும் அதைப் பேசுவதில்லை. நீங்களும் கையெழுத்துப் போடும் முன்பு பேசுங்கள்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் உங்களுக்கு வேண்டியது சில பிரிவுகள்தான். வேலையில் இருக்கும்போது அந்த வேலையின் பகுதியாக நீங்கள் செய்வது, வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்குச் சொந்தம் என்கிறது 17ஆவது பிரிவு. அப்படியானால் சேர்வதற்கு முன்பு செய்தவை என்னென்ன என்பதற்கு ஒரு பட்டியல் வேண்டும். கோட், ஓவியங்கள், கதை, ஒலிப்பதிவுகள் எல்லாவற்றையும் தேதியோடு எழுதி, இவை எங்களுடையவை என்று ஒப்பந்தத்தில் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். அங்கே இருக்கும்போது சொந்த நேரத்தில் இதைத் தொடரலாமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் நல்ல மனிதர் சொன்னதாகவே இருக்கட்டும், அந்த நல்ல மனிதர் நாளை வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார்.

அவர்கள் உங்கள் கேமின் உரிமையையே எழுதிக் கேட்டால் 19ஆவது பிரிவைப் பாருங்கள். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமைமாற்றம் காலாவதியாகிவிடும் என்று அது சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் மட்டும் அது செல்லாது. ஒப்பந்தம் தயாரிக்கிறவர்கள் முதலில் கைவைக்கும் இடமே அதுதான். அந்த ஓராண்டு உங்கள் தாளில் உயிரோடு இருக்கிறதா என்று தேடிப் பார்த்துப் படியுங்கள். ‘இப்போதைக்கு’ என்ற சொல்லுக்குச் சட்டம் வைத்திருக்கும் தேதி அது. என்னைக் கேட்டால் உரிமையைக் கொடுக்கவே வேண்டாம். உங்கள் திறமைக்குத்தான் அவர்கள் சம்பளம் தருகிறார்கள். காசிமேட்டுப் பாட்டிக்கு அவர்கள் எதுவும் தரவில்லை. தம்புச் செட்டித் தெருவில் வக்கீல் அலுவலகங்களுக்குக் குறைவில்லை. பதிப்புரிமை பார்க்கிறவராகத் தேடிப் போய் ஒருமுறை காட்டிவிடுங்கள். அந்தக் கட்டணத்தைச் செலவாகப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் நான்கு பேருக்குள்ளேயே ஒரு தாள் எழுதியிருக்கிறீர்களா? நண்பர்கள்தானே என்று எழுதாமல் இருந்திருப்பீர்கள். நாங்களும் எழுதவில்லை.

இனி அந்த நான்காவது நண்பர். டெமோவில் என்னைப் பிடித்து நிறுத்தியது முதலில் அவருடைய ஐஸ் சத்தம்தான். அதனால் இது பாரபட்சமாக இருக்கலாம். அவர் இல்லாமல் மூன்று பேர் போனால் ஸ்டுடியோ கேட்ட குழு அங்கே போய்ச் சேராது. இதை அவர்களிடமே சொல்லுங்கள். அவர் தண்டையார்பேட்டையில் இருந்தபடியே வேலை செய்ய முடியுமா என்று கேளுங்கள். ஒலி வேலைக்கு அது முடியாத காரியம் இல்லை. அப்போதும் அவர் மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். அவரைச் சம்மதிக்க வைக்க அவர் அம்மாவிடம் போய்ச் சம்பளக் கணக்கைச் சொல்லாதீர்கள். பெரிய ஸ்டுடியோக்கள் எப்போதும் நிற்கும் என்று நம்பியும் வற்புறுத்தாதீர்கள். லண்டனில் ‘ரோலர்ட்ரோம்’ செய்த ரோல்7 குழுவை 2021இல் ஒரு பெரிய நிறுவனம் வாங்கியது. 2024இல் அந்தக் குழுவே இல்லை.

அவர் இங்கேயே இருந்தால் உங்கள் கேம் அவரிடம் இருக்கட்டும். மற்ற மூவரும் மாதம் ஒரு தொகையை அவருக்கு அனுப்புங்கள். தானமாக நினைத்து அனுப்ப வேண்டாம், கேமின் செலவுக் கணக்கில் எழுதி அனுப்புங்கள். நம் சின்னக் கதை யாருக்கு வேண்டும் என்று பெங்களூரில் எவராவது சொன்னால் ‘வெண்பா’வைக் காட்டுங்கள். கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறை. இட்லியும் பிரியாணியும் அம்மாவின் கிழிந்த குறிப்பேடும். டொரொண்டோவில் ஒரு சின்னக் குழு 2023இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே, சின்னக் குழுக்களின் கேம்களுக்குத் தருகிற ஐ.ஜி.எஃப். விருதுகளில் பெரும்பரிசு அதற்குத்தான்.

ஒப்பந்த வரைவு வந்ததும் ராயபுரத்துக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து படிப்போம். உங்கள் நண்பர் என்மேல் கோபமாக இல்லாவிட்டால் அவரையும் கூட்டிவாருங்கள். அதற்கு முன்பு, இன்றே, அவருடைய ஒலிப்பதிவுகளின் மூலக் கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் நகல் எடுங்கள். ஒன்று அவர் வீட்டில், ஒன்று உங்கள் வீட்டில்.

அன்புடன்,
அண்ணன்