மேடைப் பகிடியிலிருந்து கமராவுக்கு முன்னால்: கேள்வி பதில்

கோயில் திருவிழா, ஊர் ஒன்றுகூடல் என்று யாழ்ப்பாணத்து மேடைகளில் தனியே நின்று பகிடி சொல்லிப் பழகியவன் நான். இப்போது சில வருடங்களாகக் குறும்படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடிக்கிறேன். ஸ்டாண்ட்அப் செய்யும் பிள்ளைகள் பலர் நடிப்புப் பக்கம் வர விரும்பிக் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கொக்குவிலிலிருந்து: அண்ணை, மேடையில் சனம் விழுந்து விழுந்து சிரிக்கிற பகிடி கமராவுக்கு முன்னால் சப்பென்று போகிறது. ஏன்?

தம்பி, எனக்கும் இது நடந்தது. என் முதல் குறும்படம், திருநெல்வேலியில் ஒரு பழைய வீடு. அப்பா சாய்மனைக் கதிரையில் இருக்கிறார். நான் வாசற்படியில் நின்று நாலு வசனம் சொல்லவேண்டும். சொன்னேன். "திரும்ப" என்றார் இயக்குநர். ஏழு தரம் எடுத்தபிறகு என்னைக் கூப்பிட்டு மொனிற்றரில் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு வசனமும் முடிந்த கையோடு என் நாடி கொஞ்சம் உயருகிறது. கண் அப்பாவை விட்டு, அவருடைய தலைக்கு மேலே போகிறது. அங்கே இருந்தது சுவரும் ஒரு கலண்டரும்தான். மேடையில் அந்த இடத்தில் சனம் இருக்கும். நான் சிரிப்புக்காகக் காத்து நின்றிருக்கிறேன்.

ஸ்டாண்ட்அப்பில் அந்த இடைவெளி எங்கள் சொத்து. சிரிப்பு எழும்பித் தணியத் தொடங்கும்போது அடுத்த வரியைப் போடத் தெரிந்தவன்தான் தேர்ந்தவன். படத்தில் அந்த இடைவெளியை எடிட்டர் பார்த்துக்கொள்வார். உங்கள் வேலை, எதிரே இருப்பவர் சொல்வதைக் கேட்பது. முகத்தை வைத்துக்கொண்டு கேட்பதுபோலக் காட்டினால் கமரா பிடித்துவிடும், உண்மையாகவே கேட்கவேண்டும். பகிடிக்காரர் நடிகராவதில் இதைவிடக் கடினமான வேலை எனக்குத் தெரிந்து வேறில்லை.

பிறகு அளவு. கடைசி வரிசைக்கும் தெரியப் புருவத்தைத் தூக்கிப் பழகியவர் குளோசப்பிலும் அப்படித் தூக்கினால் மிகையாகிவிடும். முகம் மட்டுமா, இடுப்பளவா என்று கமராக்காரரிடம் ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

தேத்தண்ணிக் கோப்பையையும் கவனியுங்கள். எந்தச் சொல்லில் எந்தக் கையால் எடுத்தீர்களோ, எல்லாக் கோணத்திலும் அப்படியே எடுக்கவேண்டும். மேடையில் ஒவ்வொரு இரவும் ஏதாவது மாற்றிச் செய்து பழகிய எங்களுக்கு இது இலகுவில் வராது.

நெல்லியடியிலிருந்து: எல்லாரும் சிவகார்த்திகேயனையே உதாரணம் காட்டுகிறார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவரும் இல்லையா?

இந்தக் கேள்வி நெல்லியடியிலிருந்து வந்தது எனக்கு நல்ல சந்தோசம். பக்கத்துக் கரவெட்டிக்காரர்தானே கே. எஸ். பாலச்சந்திரன். 'அண்ணை றைற்' தனிநடிப்பில் அவர் பஸ் கொண்டக்ரர். மேடையில் நிற்பது ஒரேயொரு ஆள், ஆனால் பஸ் நிறையச் சனம். அந்தப் பயணிகள் சொல்வது எங்கள் காதிலும் விழும், ஏனென்றால் அவர் அதைக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார். வானொலி நாடகங்களுக்கும், 1978இல் வந்த 'வாடைக்காற்று' படத்துக்கும் அவர் போனபோது அந்தக் காதும் கூடப் போனது. 'அண்ணை றைற்' ஒலிப்பதிவைத் தேடி எடுத்து, அவர் எங்கெங்கே பேசாமல் நிற்கிறார் என்று மட்டும் ஒரு தரம் குறித்துக்கொண்டு கேளுங்கள்.

வானொலியில் எஸ். ராம்தாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' 1976இல் 'கோமாளிகள்' என்ற படமாக வந்ததையும் மறக்கவேண்டாம். ஆக, இந்தப் பாதை எங்களுக்குப் புதிது இல்லை.

சிவகார்த்திகேயனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 'கலக்கப்போவது யாரு' மேடையிலிருந்து அவர் நேரே படத்துக்குத் தாவவில்லை. இடையில் வருடக்கணக்காகத் தொலைக்காட்சியில் தொகுப்பாளராக நின்றார், 2012இல்தான் 'மெரினா' வந்தது. கமரா பழகிய அந்த வருடங்களை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. ஹொலிவூட் நடிகர் ரொபின் வில்லியம்ஸும் அப்படித்தான். அவர் ஸ்டாண்ட்அப் மேடையில் எரிந்த வேகத்தை எல்லாரும் பேசுவார்கள், அதற்கு முன் நியூயோர்க்கின் ஜூலியார்ட் கல்லூரியில் நடிப்புப் படித்ததைச் சொல்லமாட்டார்கள்.

சாவகச்சேரியிலிருந்து: அண்ணா, சென்னைக்கு ஒடிசன் வீடியோ அனுப்பப்போகிறேன். எங்கள் பேச்சை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவா?

தங்கச்சி, இரண்டு வீடியோ அனுப்புங்கள். ஒன்று எங்கள் பேச்சில், மற்றது அவர்கள் கேட்ட பேச்சில். இன்னொரு பேச்சைப் பழகுவது நடிகரின் தொழில், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் உங்களுடையதை ஒளிக்கவேண்டாம். 2025இல் 'டூரிஸ்ட் ஃபேமிலி' வந்தபோது சசிகுமாரும் சிம்ரனும் எங்கள் தமிழைப் பழகிப் பேசினார்கள். அவர்கள் பாடுபட்டுப் பழகியது உங்களுக்குத் தாய்ப்பால்.

இன்னொன்று, தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் பிறகு டப்பிங் பேசவேண்டிவரும். அந்த நேரத்து உந்தலில் வசனத்துக்கு நடுவே நாலு சொல் சேர்த்துவிடுவது எங்கள் மேடைப் பழக்கம். அப்படிச் சேர்த்தால் எந்தச் சொல் என்று உடனே கொப்பியில் எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்து உங்கள் வாய் அசைவை நீங்களே கண்டுபிடிக்கமாட்டீர்கள்.

மானிப்பாயிலிருந்து: ஸைன்ஃபெல்ட் மாதிரித் தொடர் செய்ய ஆசை. அந்த வேகம் எப்படி வரும்?

ஸ்டாண்ட்அப்காரர் ஜெரி ஸைன்ஃபெல்டின் 'ஸைன்ஃபெல்ட்' (1989–1998), இன்னொரு ஸ்டாண்ட்அப்காரர் ரே ரொமானோவின் 'எவ்ரிபடி லவ்ஸ் ரேமண்ட்' (1996–2005) என்ற இரண்டு அமெரிக்கத் தொடர்களும் பெரும்பாலும் ஸ்டூடியோவில் ஆட்களை இருத்திவைத்து, பல கமராக்களால் எடுத்தவை. அங்கே ஸ்டாண்ட்அப்காரரின் நேரக்கணக்கு அப்படியே வேலை செய்யும். நாங்கள் ஒற்றைக் கமராவில், ஆளில்லாத அறையில் எடுக்கிறோம். அந்த வேகத்தைப் பிரதி பண்ணவேண்டாம். ரொமானோவிடம் எடுக்கவேண்டியது வேறு: மேடையில் சொன்ன தன் வீட்டுக் கதையிலிருந்துதான் அவர் தொடரைக் கட்டினார்.

உரும்பிராயிலிருந்து: என் மேடைப் பகிடியைத் தொடரில் போடக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்கலாம், எழுத்தில். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி நீங்கள் எழுதிய வடிவத்துக்குப் பதிவு செய்யாமலே உரிமை உண்டு. வெறும் யோசனைக்கு இல்லை. சீதனக் கல்யாணம் பற்றிய பகிடி யாரும் சொல்லலாம், நீங்கள் எழுதிய காட்சி உங்களுடையது. என்னுடைய பத்து நிமிடப் பகிடி ஒன்றை ஒருவர் தன் தொடரில் அப்படியே வைத்தார். என்னிடம் திகதி போட்ட ஒரு தாள்கூட இருக்கவில்லை. இன்றும் மனம் ஆறவில்லை. அதனால் எழுதுங்கள், உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள், மேடையில் செய்யும்போது வீடியோ எடுங்கள்.

எத்தனை நாள், என்ன சம்பளம், போக்குவரத்து யார் பொறுப்பு, டப்பிங் நாளுக்குக் காசு உண்டா என்பதையும் முதலே கேளுங்கள். இந்தியாவில் நடிக்கக் கூப்பிட்டால், சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யமுடியாது. பலாலியிலிருந்து விமானம் இருக்கிறது என்று அவசரப்படவேண்டாம்.

சங்கானையிலிருந்து: நடிக்கத் தொடங்கினால் மேடையை விடவேண்டுமா?

வேண்டாம். நான் மாதத்தில் ஒரு நாளாவது ஏறுகிறேன்.

ஊர்காவற்றுறையிலிருந்து: இங்கே நடிப்பு வகுப்பு ஒன்றும் இல்லை. எப்படிப் பழகுவது?

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்கு 'நாடகமும் அரங்கியலும்' படிப்பிக்கும் ஆசிரியர் இருந்தால் முதலில் அவரைத் தேடிப் போங்கள். அடுத்தது வீட்டில் செய்வது. அம்மம்மாவை ஒரு பழைய கதை சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் நூறு தரம் கேட்ட கதையாக இருந்தாலும் பரவாயில்லை. போனை உங்கள் முகத்துக்கு நேரே வைத்துவிட்டு, வாய் திறக்காமல் ஐந்து நிமிடம் கேளுங்கள். பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டு அந்த வீடியோவை வேறு யாருக்காவது காட்டி, அம்மம்மா எந்த இடத்தில் சிரித்தார், எந்த இடத்தில் அழுதார் என்று கேட்டுப்பாருங்கள்.