யாழ்ப்பாணத்துக் குற்ற வழக்குகளில் உங்களால் மறக்கவே முடியாதது எது? ஏன்?

கிருஷாந்தி வழக்கு. யாழ்ப்பாணத்தில் நாற்பது வயது தாண்டிய யாரைக் கேட்டாலும் அனேகமாக இதைத்தான் சொல்வார்கள். ஆனால் ஏன் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதவேண்டும்.

முதலில் காலத்தைச் சொல்கிறேன். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க மழைக்குள்ளால் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனது. டிசம்பர் தொடக்கத்தில் யாழ் நகரம் இராணுவத்தின் கைக்கு வந்தது. 1996 ஏப்ரல், மே மாதங்களில் சனம் திரும்பி வந்தபோது சந்திக்குச் சந்தி சென்றி, அதாவது இராணுவக் காவலரண். ஜூலை 4 அன்று ஸ்ரான்லி வீதியில் நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் யாழ் நகரக் கட்டளைத் தளபதி பிரிகேடியர் ஆனந்த ஹமங்கொட உட்படப் பலர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு பிடிபட்ட பிள்ளைகள் வீடு திரும்புவது அருமையாகிவிட்டது. அதே மாதம் 19ஆம் திகதி நாவற்குழியில் சுற்றிவளைப்பில் கொண்டுபோகப்பட்ட இளைஞர்கள் பற்றி அவர்களின் பெற்றோர் 2017இலும் யாழ் மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1996 என்ற அந்த ஒரு வருடத்தில் மட்டும் குடாநாட்டில் காணாமல் ஆக்கப்பட்டோர் 600 பேரளவில் என்று சர்வதேச மன்னிப்புச் சபை கணக்குச் சொன்னது.

செப்டம்பர் 7, சனிக்கிழமை. சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி ஏ.எல். (உயர்தர) இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் கைதடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். வயது 18. வழியில் செம்மணிச் சென்றியில் மறித்தார்கள். மறித்து வைத்திருந்ததை அந்த வழியால் போனவர்கள் கண்டிருக்கிறார்கள். செய்தி வீட்டுக்குப் போனது. தாய் ராசம்மா பாடசாலை உப அதிபர். கணவன் இல்லை. அவர் தன் 16 வயது மகன் பிரணவனையும் பக்கத்து வீட்டுக்காரர் கிருபாமூர்த்தியையும் கூட்டிக்கொண்டு அதே சென்றிக்குப் போய், என் பிள்ளை எங்கே என்று கேட்டார். அவர்களும் திரும்பவில்லை. ஒக்டோபரில் நான்கு உடல்களும் செம்மணியில் ஆழமில்லாத குழிகளிலிருந்து எடுக்கப்பட்டன. அந்தப் பிள்ளைக்கு அங்கே என்ன செய்தார்கள் என்பது தீர்ப்பில் இருக்கிறது. அதை நான் இங்கே திருப்பி எழுதப்போவதில்லை.

இந்த வழக்கைப் பற்றிய வீடியோக்கள் தமிழில் நிறைய வந்துவிட்டன. பெரும்பாலானவை அந்தச் சென்றிக்குள் நடந்ததைத்தான் நிமிடக் கணக்காகச் சொல்கின்றன, பின்னால் ஒரு திகில் இசையோடு. எனக்கு அது கோபத்தைத் தருகிறது. என் மனதில் நிற்பது தேடிப்போன அந்த மூன்று பேர்தான். அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை நேரத்துக்கு வராவிட்டால் தேடப்போவது அம்மாதான். ஆம்பிளைகள் போனால் அவர்களையும் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். வயதுபோன மனுசி, அதிலும் படிப்பிக்கிற ஆள், அவவுக்கு ஒரு மரியாதை இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். ராசம்மா ரீச்சரும் அதை நம்பித்தான் போயிருப்பார். ஒரு பிள்ளையைக் காணவில்லை என்று கேட்கப்போனதற்காகவே மூன்று பேரைக் கொன்ற வழக்கு இது. குற்றத்தின் கொடூரத்தைப் பேசுகிற பலர் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆனால் கேள்வி கேட்பது அந்த மூவரோடு நின்றுவிடவில்லை. உறவினர், ஊரவர், சட்டத்தரணிகள், பத்திரிகைகள், பாராளுமன்ற உறுப்பினர்கள் என்று ஒருவர் மாறி ஒருவர் கேட்டார்கள். அதனால்தான் அந்தக் காலத்தில் நடந்த எத்தனையோ சம்பவங்களில் இந்த ஒன்று நீதிமன்றப் படி ஏறியது. கொழும்பில் மூன்று நீதிபதிகள், ஜூரி இல்லாத ட்ரயல் அட் பார். பொதுமக்கள் கொழும்புக்குப் போய் இராணுவத்தினருக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், சாட்சி சொல்லிவிட்டுத் திரும்பவும் அதே சென்றிகளைக் கடந்துதான் வீட்டுக்கு வரவேண்டும் என்ற நிலையில், அதைச் செய்தார்கள். 1998 ஜூலை 3 அன்று லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ஷ உள்ளிட்டவர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நாட்டின் உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றமும் பின்னர் அதை உறுதிசெய்தது. சந்தர்ப்ப சாட்சியங்களை வைத்து ஒரு குற்றத்தை எப்படி நிரூபிக்கலாம் என்பதற்கு அந்தத் தீர்ப்பை இன்றும் இலங்கைச் சட்டத்தரணிகள் எடுத்துக்காட்டுகிறார்கள். இலங்கையில் 1976க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை என்பதால் மரண தண்டனை என்றால் நடைமுறையில் ஆயுள் சிறை.

வழக்கின் மற்றப் பக்கம் தீர்ப்பு நாளில்தான் திறந்தது. தண்டனைக்கு முன் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டபோது ராஜபக்ஷ, செம்மணியில் 300, 400 உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன, இடத்தைக் காட்டுகிறேன் என்றார். ஒரு வீட்டு வழக்காகப் பார்த்தது ஒரு ஊரின் வழக்காக மாறிய நிமிடம் அது. 1999இல் கிண்டினார்கள். 15 பேரின் எச்சங்கள் கிடைத்தன. அதில் இருவரை, 1996இல் காணாமல் போன இரண்டு இளைஞர்கள் என்று, உடுப்பை வைத்து உறவினர் அடையாளம் காட்டினார்கள். உடுப்பை வைத்து என்பதைக் கவனியுங்கள். கடைசியில் நான் திரும்ப அங்கேதான் வரப்போகிறேன். அந்தப் 15 பேரின் கொலைக்காக இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

புங்குடுதீவு மாணவி வழக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2015 மே 13 காலை பள்ளிக்கூடம் போன 18 வயதுப் பிள்ளை வரவில்லை. அங்கேயும் அடுத்த நாள் பற்றைக்குள் உடலைக் கண்டது தேடிப்போன வீட்டுக்காரரும் ஊரவரும்தான். மே 20 அன்று யாழ் நகரம் கொதித்தது. நீதிமன்றக் கட்டடத்துக்குக் கல்லெறிந்தார்கள், நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள். பிரதான சந்தேகநபர் ஒருவர் ஊரவரிடம் பிடிபட்டும் கொழும்புக்குத் தப்பியது எப்படி என்ற கேள்வி, ஒரு சிரேஷ்ட பிரதிப் பொலிஸ் மாஅதிபரின் கைது வரை போனது. 2017 செப்டம்பர் 27 அன்று யாழ்ப்பாணத்திலேயே கூடிய ட்ரயல் அட் பார் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்து இருவரை விடுவித்தது. கல்லெறிந்தவர்களின் கோபம் எனக்கு விளங்கும். ஆனால் வழக்கைத் தீர்ப்பு வரை கொண்டுபோனது ஒவ்வொரு தவணைக்கும் நீதிமன்றம் போன அந்தப் பிள்ளையின் குடும்பமும், சாட்சிகளும், வேலையை ஒழுங்காகச் செய்த விசாரணையாளர்களும்தான்.

இனி என் ஒழுங்கைக்கு வருகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி இருக்கிறா. பெயர் வேண்டாம். 1996 ஓகஸ்டில் அவவின் மூத்த மகன் கல்வியங்காட்டுச் சந்தைக்குப் போனவன், பிறகு இல்லை. அவவிடம் ஒரு பொலித்தீன் பை இருக்கிறது, புடவைக் கடை கொடுக்கிற அந்தத் தடித்த பை. அதற்குள் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கிராம சேவையாளரின் கடிதம், செஞ்சிலுவைக் குழுவின் சீட்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் இலக்கம் எழுதிய துண்டு, ஒவ்வொரு அரசாங்கமும் வைத்த ஒவ்வொரு ஆணைக்குழுவின் அழைப்புக் கடிதம், அடையாள அட்டைக்கு எடுத்த படத்தின் நெகட்டிவ். மடித்து மடித்து மடிப்பில் எழுத்து அழிந்துவிட்டது. நான் சின்னனாக இருந்த காலத்திலிருந்து போட்டோக் கொப்பி எடுக்கப்போவது என் வேலை. "தம்பி, கொப்பியைக் குடு, ஒரிஜினலைக் குடுத்திடாதை" என்று ஒவ்வொரு முறையும் சொல்லித்தான் அனுப்புவா.

ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்விகள். கடைசியாகக் கண்ட நேரம், இடம், போட்டிருந்த உடுப்பு. மாமியின் பதிலும் ஒரே பதில்: கட்டம் போட்ட நீலச் சேட், கறுப்புக் களிசான், முன்பல்லில் ஒரு மூலை உடைஞ்சது, கிரிக்கெட் பந்து பட்டு. ஒருமுறை நானும் கூடப்போயிருந்தேன். எழுதிக்கொண்டிருந்த உத்தியோகத்தர் சேட்டையும் களிசானையும் எழுதினார். பல்லை எழுதவில்லை. படிவத்தில் அதற்கு ஒரு இடம் இல்லை. மாமி திரும்பவும் சொன்னா, அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

2025 பெப்ரவரியில் செம்மணிக்கு அருகில், அரியாலைச் சிந்துபாத்தி இந்து மயானத்தில் தகனமேடைக் கட்டட வேலைக்குக் கிண்டியபோது மனித எலும்புகள் வந்தன. நீதவானின் உத்தரவில் மே மாதம் அகழ்வு தொடங்கியது. செப்டம்பர் தொடக்கத்தில் அந்தக் கட்டம் முடிந்தபோது 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டிருந்தன. சின்னப் பிள்ளைகளுடையதும் இருந்தன. ஆழமில்லாமல், ஒன்றின்மேல் ஒன்றாக, முறையான அடக்கம் எதுவுமில்லாமல். நீல நிறப் புத்தகப்பை ஒன்றும் பொம்மையும் வந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஓகஸ்ட் 5 பிற்பகல், கிடைத்த பொருட்களை நீதிமன்ற உத்தரவின்படி பொதுமக்கள் வந்து பார்த்து அடையாளம் காட்ட விட்டார்கள். மாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். சரியான வெயில். வந்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் வயதுபோன அம்மாமார், கையில் படம். துணித் துண்டுகள், செருப்புகள், வளையல்கள், பிள்ளைகளின் சாமான்கள். மாமி செருப்புகளுக்கு முன்னால் நெடுநேரம் நின்றா. பிறகு துணிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தா. முப்பது வருடம் மண்ணுக்குள் கிடந்த துணியில் கட்டம் எது, கறை எது என்று யாருக்குத் தெரியும்? வெளியே வந்ததும் அங்கே நின்ற ஒரு சட்டத்தரணியிடம் நேரே போய், "ஐயா, பல்லை ஆரும் பாப்பினமே?" என்று கேட்டா. அவர் மாமியை இருத்தி வைத்து, சட்ட வைத்திய அதிகாரி மண்டையோட்டில் என்ன பார்ப்பார், மரபணுச் சோதனைக்கு யாருடைய இரத்தம் வேண்டும், ஏன் தாயினுடையது முக்கியம் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். அவ்வளவு காலத்தில் அந்தப் பல்லைப் பற்றி மாமியிடம் திருப்பிக் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்தான்.

அதனால்தான் எனக்கு இந்த வழக்கு மறக்காது. தேடிப்போன அந்தத் தாயும் மகனும் அயலவரும் கேட்ட கேள்வி செம்மணியில் இன்னும் கேட்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதைக் கேட்கிறவர்கள் இப்போது எழுபது, எண்பது வயதுக்காரர். வலிந்து காணாமல் ஆக்குவதைக் குற்றமாக்கிய சட்டம் 2018இல் வந்தது, காணாமல் போனோர் அலுவலகமும் அதே வருடம் வேலை தொடங்கியது. அதெல்லாம் இருக்கட்டும். தாய்மார் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு இரத்த மாதிரியும் போகிறது, ஞாபகமும் போகிறது.

இதை ரொறன்ரோவிலோ பாரிஸிலோ லண்டனிலோ இருந்து வாசிக்கிறவர்களில் 1996, 97இல் அண்ணனையோ சித்தப்பாவையோ இழந்தவர்கள் நிச்சயம் இருப்பீர்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஊரில் இருக்கிற அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ இந்தக் கிழமையே போனில் பேசுங்கள். உடுப்பை மட்டும் கேட்காதீர்கள். துணி உக்கிப்போகும், பல்லும் எலும்பும் நிற்கும். எந்தப் பல் உடைந்திருந்தது, எதைப் பிடுங்கினது, எதை அடைத்தது? சின்ன வயதில் மரத்தால் விழுந்து கை முறிந்ததா, எந்தக் கை, எந்த ஆஸ்பத்திரியில் பத்துப் போட்டது? உயரம் எவ்வளவு, யாருக்குப் பக்கத்தில் நின்றால் எவ்வளவு? ஷெல் துண்டு ஏதும் உடம்பில் இருந்ததா? சங்கிலி, மோதிரம், இடுப்பில் அரைஞாண் ஏதும்? சிரித்தபடி பல் தெரிய எடுத்த படம் ஒன்று எந்த அல்பத்திலாவது இருந்தால் அதைப் பெரிதாக ஸ்கான் பண்ணுங்கள். சொல்லச் சொல்ல ஒலிப்பதிவும் செய்யுங்கள், பிறகு எழுதித் திகதி போட்டு, சொன்னவரின் கையெழுத்தை வாங்கி, ஒரு பிரதியை உங்கள் குடும்பச் சட்டத்தரணியிடமும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். மரபணு மாதிரி கேட்கிற நாள் வரும்போது யார் யார் கொடுக்கலாம், அவர்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்றும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

மாமிக்கு நான் எழுதிக் கொடுத்த மாதிரித் தாள் என்னிடம் இருக்கிறது, இரண்டு பக்கம். வேண்டுமென்றவர்கள் கருத்தில் சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன்.