கிளினிக் லோகோவில் இரண்டு பாம்பா, ஒன்றா?

வணக்கம். பல் கிளினிக் பெயர்ப்பலகைக்கு இரண்டு பாம்பும் இறக்கையும் உள்ள கோலை டிசைனர் வரைந்து தந்திருக்கிறார், அச்சுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். அது ஹெர்மஸின் கோல். அவர் கிரேக்கத் தெய்வங்களின் தூதர். வணிகர், வழிப்போக்கர், திருடர் ஆகியோரின் காவலர். இறந்தவர்களின் ஆன்மாவைப் பாதாளத்துக்கு அழைத்துப் போவதும் அவரே. நோயாளி வரும் வாசலில் அவருக்கு என்ன வேலை?

உங்களுக்கு வேண்டியது கிரேக்கர்களின் மருத்துவத் தெய்வமான அஸ்கிலீபியஸின் கோல்: கரடுமுரடான மரத்தடி, ஒரே பாம்பு, இறக்கை கிடையாது. கிரேக்க நாட்டு எபிடாரஸ் நகரில் இருந்த அவருடைய கோயிலில் நோயாளிகள் இரவு தங்கி, கனவில் சிகிச்சை கேட்பார்கள். 1948-இல் உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்கொண்ட சின்னத்தில் இருப்பதும் இந்த ஒற்றைப் பாம்புதான். குழப்பம் பரவ முக்கியக் காரணம், 1902-இல் அமெரிக்க ராணுவ மருத்துவப் பிரிவு ஹெர்மஸ் கோலை ஏற்றதுதான்.

இருக்கும் படத்தில் ஒரு பாம்பை மட்டும் அழித்துத் தந்தால் வாங்காதீர்கள். இரண்டும் குறுக்கிட்ட இடங்களில் மிஞ்சும் பாம்பின் உடல் அறுந்து நிற்கும். உச்சியில் இறக்கை பொருந்திய உருண்டையும் தங்கிவிடும். புதிதாகவே வரையச் சொல்லுங்கள். தடி மேலே தடித்து, ஓரிரு கணுக்களோடு இருக்கட்டும். பாம்பு தடிக்கு முன்னும் பின்னும் மாறி மாறிச் சுற்ற வேண்டும். ரப்பர் ஸ்டாம்புக்கு இரண்டு சுற்று போதும், அதற்கு மேல் போனால் மை அடைத்துக்கொள்ளும். செதில் கோடுகளும் வேண்டாம்.

மாற்றாகச் செஞ்சிலுவையைப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தச் சட்டப்படி அனுமதியின்றி அதைப் பயன்படுத்தக் கூடாது. கிண்ணத்தோடு பாம்பு இருந்தால் அது அஸ்கிலீபியஸின் மகள் ஹைஜியாவுடையது, மருந்துக்கடைக்குத்தான் பொருந்தும்.